நினைவுக்கு உயிர்

விற்றால் ஒரு காசும் பெறாத பழம்பொருள் ஒன்றேனும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. விளிம்பு நெளிந்த பித்தளைச் செம்பு, நிறம் மங்கிய நிழற்படம், பாட்டியின் பாக்குவெட்டி, பாட்டனார் ஊன்றிய கைத்தடி, என்றோ ஒரு நண்பர் எழுதிய கடிதம் என இவற்றுள் ஏதேனும் ஒன்று பரணிலோ பெட்டியின் அடியிலோ கிடக்கும். பொங்கலுக்கு வீட்டிற்கு வெள்ளையடிக்கும்போது அது வெளியே வரும். "இதனை எறிந்துவிடலாமா?" என்று ஒருவர் கேட்பார். "வேண்டா, இருக்கட்டும்" என்று மற்றொருவர் சொல்லுவார். ஏன் இருக்கவேண்டும் என்பதற்கு அவர் விடை கூறார். பொருள் மீண்டும் பரணுக்கே செல்லும். இவ்வாறு காக்கப்படுவதையே நாம் நினைவுப்பொருள் என்கிறோம்.

பொருளைக் காத்தால் நினைவும் காக்கப்படும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அஃது உண்மையன்று என்பது என் கருத்து. நினைவுக்குப் பொருள் உடல், சொல்லே உயிர். சொல் நீங்கியபின் அப்பொருள் எத்துணைக் காலம் நிலைத்திருப்பினும் வெறும் மரமே, வெறும் உலோகமே. இதனை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்றேன் அல்லேன். என் பிழையிலிருந்தும் கற்றேன். அப்பிழையை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்லுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

காஞ்சிமாநகரிலிருந்து வாலாசாபாத்தைக் கடந்து செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் சாலையில் பழையசீவரம் என்னும் ஊர் இருக்கிறது. ஒருபுறம் குன்று, மறுபுறம் பாலாறு. ஆற்றுக்கு அப்பால், தென்கரையில் அமைந்த ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகளும் கூடும் இடமாதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே நீரைக் காட்டிலும் மணலே மிகுதி. ஆயினும் ஆற்றை வறண்டது என்று இகழ்வதற்கில்லை. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, மணற்பரப்பாகவே அதனைக் கண்டு பழகிய பலர் வியப்பும் அச்சமும் கொண்டனர்.

இந்த ஊருக்கு ஆண்டுதோறும் ஒருநாள் பெருங்கூட்டம் வந்து சேரும். மாட்டுப்பொங்கலன்று நடைபெறும் பார்வேட்டைத் திருவிழாவே அதற்குக் காரணம். காஞ்சி வரதராசப் பெருமாள் தம் பெரிய கோயிலை விட்டுப் புறப்பட்டு, ஊர்கள் பலவற்றைக் கடந்து, பழையசீவரத்துக் குன்றின்மீது எழுந்தருளுகிறார். பின்னர் அவ்வூர் இலக்குமி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருகிறார். சாலவாக்கத்திலிருந்தும் காவாந்தண்டலத்திலிருந்தும் பெருமாள்கள் வருகின்றனர். திருமுக்கூடலில் கோயில் கொண்டுள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாளோடு ஐவரும் ஒருங்கே காட்சி தருகின்றனர். ஆறுகள் மூன்று கூடும் இடத்தில் பெருமாள்கள் ஐவர் கூடுகின்றனர். அவர்களைக் காணும் பெயரால் மக்கள் பல்லாயிரவர் கூடுகின்றனர்.

இன்று ஆற்றின்மீது பாலம் உண்டு. என் இளமையில் எங்கள் வீட்டார் மணலில் நடந்தே ஆற்றைக் கடப்பர். வெயில் ஏறுமுன் புறப்பட்டுவிடுவோம். அம்மா புளிச்சோற்றை வாழையிலையில் கட்டித் துணியில் முடிந்து தலைமேல் வைத்துக்கொள்ளுவார்கள். தண்ணீர் சுமந்து செல்லவேண்டுவதில்லை. நடு ஆற்றில் ஒரு முழ ஆழம் மணலைத் தோண்டினால் நீர் ஊறும். கலங்கல் தெளியும்வரை பொறுத்திருந்து கையால் முகந்து குடிப்போம். அந்நீரின் குளிர்ச்சியை அறுபது ஆண்டுகள் கழிந்தும் என் நா மறக்கவில்லை. கடைத்தெருவில் எனக்கு ஒரு மூங்கிற்குழலும் என் தமக்கைக்குக் கண்ணாடி வளையலும் கிடைக்கும். குழல் ஊர் திரும்புமுன்பே பிளந்துவிடும். வளையல் தைம்மாதம் முடியுமுன் உடைந்துவிடும். அதனைப் பற்றி எங்களுக்குத் துயரம் இல்லை. அடுத்த ஆண்டும் வரதர் வருவார் அல்லரோ?

திருவிழாவுக்கு அம்மா சென்றது பெருமாளைச் சேவிப்பதற்கு என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். வேறொரு காரணமும் உண்டு என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அம்மாவின் தமக்கையார் சாலவாக்கம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். இரு வீடுகளிலும் வறுமை. ஒருவரை ஒருவர் விருந்துக்கு அழைக்கவும் இயலாது. சென்று தங்கவும் இயலாது. ஆதலால் உடன்பிறந்தார் இருவரும் ஆண்டுக்கு ஒருமுறை இத்திருவிழாக் கூட்டத்தில் சந்தித்துக்கொள்ளுவர். கோயிலுக்கு அருகே ஒரு புளியமரத்தடியில் அமர்ந்து, கொண்டுவந்த சோற்றை மாற்றிக்கொண்டு உண்பர். அதிகம் பேசமாட்டார்கள். பெரியம்மா அம்மாவின் தலைமுடியை அவிழ்த்து வாரிப் பின்னிவிடுவார்கள். இருட்டுமுன் பிரியும்போது, "போய் வருகிறேன் அக்கா" என்று அம்மா சொல்ல, "வா, வா, அடுத்த தைக்கும் நான் இருப்பேன்" என்று பெரியம்மா விடைகொடுப்பார்கள். அவ்வளவே. அதற்காக இருவரும் ஓர் ஆண்டு காத்திருந்தனர்.

தெய்வம் தன் இருப்பிடத்தை விட்டுப் புறப்பட்டு வருவதன் கருத்து யாது? தத்துவம் கூறுவோர் பலவாறு கூறுவர். நான் அறிந்த அளவில், பிரிந்து வாழும் மனிதர் ஒருவரை ஒருவர் காண்பதற்கு அது வழிசெய்தது. பிற சமயங்களிலும் இதனைக் காணலாம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் கால்நடையாகச் செல்லுவோரையும், நாகூர்க் கந்தூரிக்குச் சாதி சமய வேறுபாடின்றித் திரளுவோரையும் பாருங்கள். வழியில் ஒருவர் தரும் நீர், ஒருவர் விரிக்கும் பாய், ஒருவர் சொல்லும் ஆறுதல் ஆகியவை இறைவனைக் கண்ட காட்சியோடு கலந்தே அவர்கள் உள்ளத்தில் தங்குகின்றன. நம்பிக்கையும் பயணமும் உறவும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னியவை. அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தல் அரிது.

பின்னுதல் என்றதும் நெசவு நினைவுக்கு வருகிறது. காஞ்சிபுரம் பட்டுச்சேலையில் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். உடலையும் கரையையும் தனித்தனியே நெய்து பின் தைப்பதில்லை. தறியிலேயே ஊடைநூலை ஒன்றோடொன்று கோத்து இணைக்கின்றனர். இதற்குக் கோர்வை என்று பெயர். மரபான கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று வேண்டும். நடுவுடலுக்கு ஒன்று, இருபுறக் கரைகளுக்கும் ஒவ்வொன்று. நாடா என்பது ஊடைநூல் சுற்றிய கண்டினைத் தாங்கிப் பாவுநூல்களினூடே ஓடும், படகு வடிவான சிறு கருவி. தறியில் அமர்ந்தவர் ஒருவராகவே இத்தனையும் செய்தல் அரிதாதலின், ஒரு பக்கத்தில் துணைக்கு ஒருவர் அமர்ந்து கரைநாடாவை வீசிக்கொடுப்பார். ஒருவர் கை தளர்ந்தால் மற்றவர் வேலையும் நிற்கும். இருவர் ஒத்திசைந்தால்தான் கரை உடலைப் பிடித்துக்கொள்ளும்.

அத்தகைய நாடா ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்கள் குடும்பம் தறி கண்ட குடும்பம் அன்று. ஆயினும் அம்மா அந்த நாடாவைப் பூசைமாடத்தில் தெய்வப் படங்களின் அருகே வைத்திருந்தார்கள். ஆயுதபூசையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். கை பட்டுத் தேய்ந்து வழவழப்பான அந்த மரத்துண்டு, நான் பிறந்த நாள்தொட்டு அங்கே இருந்தது. என்றும் இருந்ததனால் அது ஏன் இருக்கிறது என்று நான் கேட்கவேயில்லை. விளக்கையும் விபூதித் தட்டையும்போல அதுவும் மாடத்தைச் சேர்ந்தது என்று எண்ணினேன். பள்ளிக்குச் சென்றேன், தமிழ் கற்றேன், பின் தமிழ் கற்பித்தேன். ஆண்டுகள் உருண்டோடின.

அம்மா மறைந்து பதினாறாம் நாள் சடங்கு முடிந்தபின், மாடத்தைத் துடைக்கையில் நாடா என் கையில் அகப்பட்டது. அன்றுதான் முதன்முறையாக, "இது யாருடையது?" என்று கேட்டேன். என் தமக்கையார் சிறிதுநேரம் எண்ணிப் பார்த்து, "மாமா ஒருவர் கொடுத்தது என்று அம்மா ஒருமுறை சொன்னார்கள். அப்போது நான் சிறுமி. நன்றாக நினைவில்லை தம்பி" என்றார்கள். அம்மாவுக்கு உடன்பிறந்த ஆண்மகன் எவரும் இல்லர். ஆதலால் அந்த மாமா உறவினர் அல்லர். முறை சொல்லி அழைக்கப்பட்ட அயலார் ஒருவர். நெசவாளர். அவர் யார்? ஏன் தம் தொழிற்கருவியைக் கொடுத்தார்? எங்கள் வீட்டின் வறுமையில் அவர் என்ன உதவி செய்தார்? ஆண்டுதோறும் சந்தனமிட்டு வணங்கத்தக்கதாக அம்மா கருதிய அந்த நன்மை யாது? இவ்வினாக்களுக்கு விடை தரத்தக்கவர் பதினாறு நாள்களுக்கு முன்வரை என் வீட்டிலேயே இருந்தார்கள். பெரியம்மா அதற்கும் முன்னரே மறைந்துவிட்டார்கள்.

திருக்குறளின் செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தை நான் ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கியவன். சொற்பொருள் உரைத்தேன், இலக்கணக்குறிப்புத் தந்தேன், தேர்வில் வினாவும் கேட்டேன். ஆனால் என் வீட்டு மாடத்தில் நன்றியின் அடையாளமாக இருந்த பொருளைப் பற்றி என் தாயிடம் ஒரு வினாவும் கேட்டேன் அல்லேன். என் குடும்பம் யாருக்கோ கடன்பட்டிருக்கிறது. அவர் பெயரும் நான் அறியேன். அவர் பிள்ளைகள் எங்குள்ளனர் என்பதும் அறியேன். அவர்களைக் காஞ்சியின் ஏதோ ஒரு தெருவில் நான் நாள்தோறும் கடந்து சென்றிருக்கவுங்கூடும்.

சிறுபருவந்தொட்டு என்னோடு பழகிய நண்பர் ஒருவர் நெசவாளர். அவரிடம் அந்த நாடாவைக் காட்டினேன். அவர் கையில் வாங்கி, கட்டைவிரலால் அதன் வழவழப்பைத் தடவிப் பார்த்தார். "நல்ல மரம், நெடுநாள் உழைத்த நாடா" என்றார். "யார் கையிலிருந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பண்டிதரே! இதில் ஓடிய நூல் எல்லாம் சேலையாய்ப் போய்விட்டது. மரம் என்ன சொல்லும்? மனிதர்தாம் சொல்லவேண்டும்" என்றார். நான் நூலகம் முழுதும் தேடினாலும் இதனைவிடத் தெளிவான விடை பெற்றிருக்க இயலாது.

அதன்பின் ஒருநாள் திருமுக்கூடல் கோயிலுக்குச் சென்றேன். அங்குள்ள கல்வெட்டு ஒன்று வரலாற்று அறிஞர்களிடையே புகழ்பெற்றது. சோழமன்னன் வீரராசேந்திரனது ஐந்தாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1068ஆம் ஆண்டில், பொறிக்கப்பட்டது. அரசர் கல்வெட்டுகளின் வழக்கப்படி அது மன்னனின் மெய்க்கீர்த்தியோடு தொடங்குகிறது. கூடற்சங்கமத்தில் சாளுக்கியரை வென்ற வெற்றியும் அதிற் பேசப்படுகிறது. அதுவும் ஆறுகள் கூடும் இடமே. ஆயின் அங்கே கூடியவை படைகள். வெற்றிகளைச் சொல்லி முடித்த கல்வெட்டு, பின்னர் வேறொன்றைச் சொல்லத் தொடங்குகிறது. அப்பகுதியே என்னை நெடுநேரம் நிற்கவைத்தது.

கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் உண்டு உறைவதற்கு ஒரு விடுதியும், வீரசோழன் என்னும் பெயரால் ஓர் ஆதுலர்சாலையும் நடைபெற்றன. ஆதுலர்சாலை என்பது நோயுற்றார் தங்கி மருத்துவம் பெறும் இடம். அதில் படுக்கை பதினைந்து. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து செய்ய உதவுவோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், நீர் தருபவர் ஒருவர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு எத்துணை நெல் அளக்கவேண்டும் என்பது குறிக்கப்பட்டிருக்கிறது. சேமித்து வைக்கவேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபது பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளன. இரவெல்லாம் எரியவேண்டிய விளக்கிற்கு எண்ணெயும் மறக்கப்படவில்லை. விடுதி மாணவர்க்குப் படுக்கப் பாயும், சனிக்கிழமை நீராட எண்ணெயும் தரப்பட்டன.

மாணவர்களே, இதனைச் சற்று எண்ணிப்பாருங்கள். இரவில் நோயாளி விழித்தெழுந்தால் இருட்டில் அஞ்சுவான் என்று ஒருவர் எண்ணியிருக்கிறார். அதனால் ஒரு விளக்கு. ஊரைவிட்டுப் படிக்கவந்த பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைக்கத் தாய் அருகில் இல்லை என்று ஒருவர் நினைந்திருக்கிறார்; அதனால் சனிக்கிழமை எண்ணெய். இவை போர்வெற்றிகள் அல்ல. அன்றாட வாழ்வின் மிகச் சிறிய செய்திகள். ஆயினும் இன்று அக்கல்வெட்டைப் படிப்போர் உள்ளத்தைத் தொடுவது எது? மன்னன் துரத்திய யானைப்படையா? பதினைந்து படுக்கைகளின் நடுவே எரிந்த அந்த விளக்கா? என் உள்ளத்தைத் தொட்டது விளக்கே.

அந்தப் படுக்கைகள் இன்று இல்லை. மருந்துச் சாடிகள் இல்லை. விளக்கும் இல்லை. ஒரு பொருளும் எஞ்சவில்லை. ஆயினும் யாவும் நமக்குத் தெரிகின்றன. ஒருவர் எழுதிவைத்தார் ஆதலின். என் வீட்டிலோ பொருள் இருக்கிறது. தேய்மானமும் அழியாமல் அப்படியே இருக்கிறது. அதன் கதை மட்டும் இல்லை; ஒருவரும் கேட்டு வைக்கவில்லை ஆதலின். அங்கே பொருள் போயும் சொல் நின்றது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நின்றது. இங்கே பொருள் நின்றும் சொல் போயிற்று. ஒரு தலைமுறைக்குள் போயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே நினைந்தபோதுதான், நினைவுக்குச் சொல்லே உயிர் என்பது எனக்கு ஐயமறத் தெளிந்தது.

நம் பெரும்புலவர்கள் இதனை முன்னரே அறிந்திருந்தனர். கம்பர் காட்டும் இராமன், சீதையைத் தேடிச் செல்லும் அனுமனிடம் கணையாழியைக் கொடுக்கிறான். ஆழி ஒன்றே போதும் என்று அவன் விட்டுவிடவில்லை. தானும் சீதையும் மட்டுமே அறிந்த சில சிறு நிகழ்ச்சிகளையும் சொல்லி அனுப்புகிறான். காட்டுக்குப் புறப்பட்ட அன்று, நகரத்தின் வாயிலைக் கடக்குமுன்னரே 'காடு எங்கே உள்ளது?' என்று சீதை கேட்டது அவற்றுள் ஒன்று. அசோகவனத்தில் அனுமன் முதலில் சொற்களைச் சொல்லி, பின்னரே ஆழியைக் காட்டுகிறான். மோதிரத்தை எவரும் கவர்ந்து வந்திருக்கலாம். அந்தப் பேதைமை கலந்த கேள்வியைக் கவர முடியாது. பேரரசின் மருமகளுக்கு மெய்ச்சான்றாக நின்றது, வழியில் கேட்ட ஓர் எளிய வினாவே.

அன்றாடத்தை எழுதிவைத்துப் பயன் தந்தோர் பிற்காலத்திலும் உளர். புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததும், கடைத்தெருவில் பேசப்பட்டதும், திருமணம் நடந்ததும், மழை பெய்ததும் அதில் உண்டு. அஃது 1846ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. இன்று வரலாறு எழுதுவோர் அதனை ஒதுக்கிச் செல்ல இயலாது. உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வரலாற்றை இரு பகுதிகளாக எழுதினார். தமக்குக் கும்பகோணத்துக் கல்லூரியில் வேலை கிடைக்கத் துணைநின்ற தியாகராச செட்டியாரின் பெயரைத் தாம் சென்னையில் வாழ்ந்த வீட்டிற்கு இட்டார். நன்றிக்குரியவரின் பெயர் வாயிலிலேயே இருந்தால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 'அவர் யார்?' என்று கேட்டே தீருவர். அவர் செய்ததையும் நான் செய்யத் தவறியதையும் ஒப்பிட்டு நாணுகிறேன்.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உண்டு. 'இக்காலத்து வீடுகள் சிறியன. பழம்பொருள்களைச் சேர்த்துவைக்க இடம் ஏது? பழமையையே நினைந்திருப்போர் முன்னேறுவது எங்ஙனம்?' என்பர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள் என்று நான் கூறவில்லை. உடைந்தவற்றையும் உதவாதவற்றையும் கழித்தல் நன்றே. ஒரு வீட்டிற்கு இரண்டு மூன்று நினைவுப்பொருள்கள் போதும். சொல்லுக்கோ இடம் வேண்டா. ஒரு குறிப்பேடு முழுவதும் கைப்பிடிக்குள் அடங்கும். முன்னேறிச் செல்வோருக்கும் தாம் எங்கிருந்து புறப்பட்டோம் என்பது தெரிந்திருத்தல் வழித்துணையே அன்றிச் சுமையன்று.

'எங்களிடம் கைப்பேசி உள்ளது. ஆயிரக்கணக்கான படங்கள் அதில் உள்ளன' என்று நீங்கள் கூறலாம். நன்று. ஆனால் அப்படங்களில் நிற்போர் எல்லார் பெயரும் உங்களுக்குத் தெரியுமா? பாட்டியின் தோள்மேல் கைவைத்து நிற்கும் அந்த அம்மையார் யார்? அன்று எல்லாரும் எதற்காகச் சிரித்தீர்கள்? படம் முகத்தைக் காட்டும், முறையைக் காட்டாது. சிரிப்பைக் காட்டும், சிரித்த காரணத்தைக் காட்டாது. பெயரெழுதாத படம், என் வீட்டு நாடாவைப் போன்றதே. எண்ணிக்கை ஆயிரமானால் இழப்பும் ஆயிரமாகும்.

ஆதலால் நான் உங்களிடம் வேண்டுவது பெரிதன்று. இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும், முதியவர் ஒருவரின் அருகில் அமருங்கள். வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைக் காட்டி, 'இஃது எப்படி நம் வீட்டிற்கு வந்தது?' என்று கேளுங்கள். அவர்கள் முதலில் 'அது கிடக்கட்டும்' என்பார்கள். எழுந்து வந்துவிடாதீர்கள், பொறுத்திருங்கள். ஆற்றுமணலைத் தோண்டினால் முதலில் வருவது கலங்கலே. காத்திருந்தாற்றான் தெளிநீர் கிடைக்கும். அவர்கள் சொல்லுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பின்பு அவர்கள் கூறிய சொற்களிலேயே எழுதிவையுங்கள். தந்தவர் பெயர், ஊர், காலம், காரணம் என்னும் நான்கும் இருந்தால் போதும். அணிநடை வேண்டா. ஒரு நாழி அரிசி, ஒரு விளக்கு என்று எழுதிய அந்தக் கல்வெட்டில் அணிநடை ஏதும் இல்லை.

திருவிழாவுக்குச் செல்லும்போதும் இதனை நினைவிற்கொள்ளுங்கள். தேரையும் வாண வேடிக்கையையும் கண்டு மீள்வதோடு அமையாதீர்கள். உங்கள் அம்மா அங்கே யாரைத் தேடுகிறார்கள், யாரைக் கண்டதும் அவர்கள் முகம் மலர்கிறது என்று பாருங்கள். அந்த மலர்ச்சியும் திருவிழாவின் ஒரு பகுதியே. நண்பர் ஒருவர் பிரிந்து வெளியூர் செல்லும்போது கொடுக்கும் சிறு பேனாவைப் பெட்டியில் வைக்குமுன், கொடுத்த நாளையும் அவர் கூறியதையும் ஒருவரி எழுதுங்கள். பத்தாண்டுகள் கழித்துப் பேனாவில் மை உலர்ந்துபோகும். அந்த ஒருவரி உலராது.

சென்ற ஆயுதபூசையன்று என் பேத்தி மாடத்தைச் சுட்டி, "தாத்தா, இந்தப் படகு எதற்கு?" என்று கேட்டாள். என் தாயிடம் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. எனக்கு வெட்கமாயிருந்தது, ஆயினும் மகிழ்ச்சியாகவும் இருந்தது. நான் அறிந்ததை அவளுக்குச் சொன்னேன். அன்று மாலையே ஒரு சிறு தாளில் எழுதி நாடாவோடு சேர்த்துக் கட்டினேன். "இது பட்டுத்தறி நாடா. நெசவாளர் ஒருவர் தந்தது. அம்மா அவரை மாமா என்று குறித்தார்கள். ஆண்டுதோறும் இதற்குச் சந்தனமிட்டு வணங்கினார்கள். அவர் பெயர் அறியேன். அவர் செய்த உதவியும் அறியேன். கேளாதது என் குற்றம். நம் குடும்பம் காஞ்சியின் நெசவாளர்க்குக் கடன்பட்டது என்பதை மட்டும் மறவாதீர்கள்." இவ்வளவே அதில் உள்ளது.

பேத்தி அதனை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பின்பு என் பேனாவை வாங்கி, அடியில் தன் பெயரையும் அன்றைய நாளையும் எழுதினாள். "நான் கேட்டேன் என்று தெரியவேண்டும் அல்லவா?" என்றாள். தெரியவேண்டும் என்றே நானும் கருதுகிறேன்.